நீர் முந்தியதா, விசுவாசம் முந்தியதா?
மதுரை மிஷன் வரலாறு தரும் விடை

நம் பங்கு மக்களில் பலரும் எப்போதாவது சந்தித்த கேள்வி ஒன்று உண்டு. பேருந்து நிலையத்திலோ, மருத்துவமனை வராந்தாவிலோ, பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ, கையில் வேதாகமம் ஏந்திய அன்பர் ஒருவர் நம்மைக் கனிவோடு பார்த்து, "நீங்கள் மறுபடியும் பிறந்தவர்தானா?" என்று கேட்பார். "நான் குழந்தையாயிருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவன்" என்போம். அவர் விடமாட்டார். "அப்போது உங்களுக்கு விசுவாசம் இருந்ததா? விசுவாசம் இல்லாமல் மறுபிறப்பு எப்படி?" என்று அடுத்த கேள்வியைத் தொடுப்பார். பலர் இவ்விடத்தில் பதில் தெரியாமல் நின்றுவிடுகிறோம். சிலர் மனம் குழம்பி, தாங்கள் பெற்ற ஞானஸ்நானம் செல்லாதோ என்று ஐயுற்று, இரண்டாம் முறை முழுக்குப் பெற்றதும் உண்டு. ஒரே வீட்டில் தாய் ஒரு கோயிலுக்கும் மகன் ஒரு கூடத்துக்குமாகப் பிரிந்து நிற்கும் வேதனையையும் நாம் கண்டிருக்கிறோம்.

எனவே இது ஏதோ குருமடத்து வகுப்பறைக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நம் வீட்டுக் கேள்வி. விசுவாசம் முந்தியதா? மறுபிறப்பு முந்தியதா? ஜூபிலி ஆண்டில் நம் பங்கின் வேர்களைத் தேடிச் செல்லும் நாம், இக்கேள்விக்கு நம் மதுரை மண்ணின் வரலாறே என்ன பதில் தருகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

நீர் முந்தி வந்த கதை

தமிழகத்தில் கத்தோலிக்க மறை பெருந்திரளான மக்களிடம் முதன்முதலில் பரவியது முத்துக்குளித்துறையில்தான். முத்துக் குளிக்கும் உரிமை பற்றிய பூசலில் சிக்கித் தவித்த பரதவ மக்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். ஜோவான் தா குரூஸ் என்ற வணிகரின் ஆலோசனைப்படி அவர்களின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்றனர். பின்னர் கொச்சியிலிருந்து குருக்கள் கடற்கரைக்கு வந்து, 1536, 1537-ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக ஞானஸ்நானம் வழங்கினர். இவ்வாறு திருமுழுக்குப் பெற்றவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்பர்.

ஆனால் முழுக்குத் தந்த குருக்கள் அங்கே தங்கவில்லை. மறையைக் கற்றுத்தர மக்களின் மொழி அறிந்தவர் எவரும் இல்லை. ஐந்தாண்டுகள் இப்படியே கழிந்தன. 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் அக்கரையில் வந்து இறங்கியபோது கண்ட நிலையைத் தம் கடிதத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களான பின் நீங்கள் புதிதாக என்ன விசுவசிக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லையாம். போர்த்துக்கீசிய மொழி தங்களுக்கு விளங்காததால் எதை விசுவசிக்க வேண்டுமென்றே தெரியவில்லை என்பதும் அவர்களது விளக்கம்.

இந்த இடத்தில் நம்முடைய கேள்வி ரத்தமும் சதையுமாக எழுந்து நிற்கிறது. இம்மக்கள் மறுபடி பிறந்தவர்களா, இல்லையா?

சவேரியார் அவர்களுக்கு இரண்டாம் முறை ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்பதை நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். ஒருமுறை முறைப்படி தரப்பட்ட ஞானஸ்நானம் அழியாதது. அதைத் திரும்பக் கொடுக்க முடியாது என்பது திருச்சபையின் பழம்பெரும் போதனை. அதே வேளையில், நீர் விழுந்துவிட்டது, இனிப் போதும் என்றும் அவர் இருந்துவிடவில்லை. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களை அழைத்து உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும், கர்த்தர் கற்பித்த செபத்தையும், பத்துக் கற்பனைகளையும் தமிழில் பெயர்த்து, தாமே மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டுக்குச் சென்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். புதிதாக ஞானஸ்நானம் கேட்டு வந்த பெரியவர்களை முதலில் விசுவாசப் பிரமாணத்தை அறிக்கையிட வைத்து, அதன் பின்னரே நீர் வார்த்தார்.

பின்னால் வந்த விசுவாசம் வேர்பிடித்ததா? மன்னார்த் தீவின் கதை இதற்குச் சான்று. 1544-ஆம் ஆண்டு சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் அத்தீவு மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். சில காலத்துக்குள் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை வந்து மறையைக் கைவிடும்படி மிரட்டியது. ஏறத்தாழ 600 பேர் மறுத்து உயிரைக் கொடுத்தனர். முழுக்குப் பெற்ற ஆண்டிலேயே இரத்த சாட்சிகள்! நீர் முந்தியதா, விசுவாசம் முந்தியதா என்று அவர்களின் கல்லறை முன் நின்று யார் கணக்குப் பார்ப்பது?

விசுவாசம் முந்தி வந்த கதை

கடற்கரையிலிருந்து வணிகத்திற்காக மதுரைக்கு வந்து தங்கிய பரதவ கிறிஸ்தவர்களின் ஆன்ம நலனுக்காக 1595-ஆம் ஆண்டு முதல் இந்நகரில் இருந்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ் சுவாமியார். முன்னாள் போர்வீரர், பக்தியும் இரக்கமும் உள்ள நல்ல குரு. சிறிய பள்ளிக்கூடம் ஒன்றும் நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றும் நடத்தினார். மக்கள் அவரை மதித்தனர். ஆனாலும் மதுரை நகரத்தாரை மனந்திருப்ப அவரால் இயலவில்லை.

காரணம் என்ன? மறையின் உண்மையை எடைபோட்டுப் பார்த்து மக்கள் மறுத்தார்கள் என்பதல்ல. அது அவர்கள் காதுக்கே எட்டவில்லை. கிறிஸ்தவ மறை என்றால் பறங்கிகளின் மார்க்கம் என்ற எண்ணமே எங்கும் பரவியிருந்தது. மாட்டிறைச்சி உண்டு மது அருந்தும் அந்நியரின் கூட்டத்தில் சேர்வதுதான் ஞானஸ்நானம் என்று கருதினர். ஞானஸ்நானம் பெற வருவோரிடம் பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்ற பொருளிலேயே கேள்வி கேட்கப்பட்டு வந்தது என்று அக்காலத்து இயேசு சபைக் கடிதங்கள் கூறுகின்றன. என்ன விசுவசிக்கிறாய் என்று கேட்க வேண்டிய இடத்தில், யாரோடு சேர்கிறாய் என்று கேட்டால், அங்கே பிறப்பது விசுவாசமாக இருக்குமா?

1606-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மதுரைக்கு வந்து சேர்ந்தார் இராபர்ட் தெ நொபிலி. 1577-ல் உரோமையில் உயர்குடியில் பிறந்த இவரையே தத்துவ போதகர் என்று நாம் போற்றுகிறோம். நிலைமையை ஆராய்ந்து அறிந்ததும் அவர் தம் வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டார். காவி அணிந்தார், புலால் நீத்தார், ஒருவேளை உணவோடு தனிக்குடிலில் தங்கினார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். இவையெல்லாம் வெளித்தோற்றம் மட்டுமே. அவரது வழியின் உயிர்நாடி வேறு. அவர் முதலில் ஞானஸ்நானம் தரவில்லை, பேசினார். கேட்டார். மறுபடியும் பேசினார்.

அவரிடம் முதலில் வந்த மதுரைக்காரர்களில் ஒருவர் பெர்னாண்டஸ் சுவாமியாரின் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த உபாத்தியாயர். சைவ நெறியில் தேர்ந்தவர். இருவருக்கும் ஏறத்தாழ 20 நாள்கள், நாள்தோறும் நான்கைந்து மணிநேரம் விவாதம் நடந்தது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதியா? ஒன்றுமில்லாமையிலிருந்து கடவுள் உலகைப் படைக்க முடியுமா? மனிதரில் ஒருவர் செல்வராகவும் மற்றவர் வறியவராகவும் பிறப்பதற்கு முற்பிறப்பின் வினைதான் காரணமா? இப்படிக் கேள்விகள் நீண்டன. தம் மனம் நிறைவடைந்த பின்னரே உபாத்தியாயர் ஞானஸ்நானம் கேட்டார். ஆல்பர்ட் என்ற பெயரைப் பெற்றார். நொபிலிக்கு வடமொழி கற்பித்த சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமண அறிஞரும் இதே வழியில் 1609-ல் திருமுழுக்குப் பெற்று போனிபாஸ் ஆனார். பாடம் சொல்ல வந்த ஆசிரியரே பாடம் கேட்கும் மாணவரானார்!

நொபிலி எழுதிய ஞானோபதேசமும் இந்த வரிசையிலேயே அமைந்தது. இயற்கை அறிவால் அறியத்தக்க உண்மைகளை முதலில் நிறுவி, அதன்பின் இறைவன் வெளிப்படுத்திய மறைபொருள்களுக்குக் கேட்போரை அழைத்துச் செல்வது அவர் முறை. கடற்கரையில் நீர் முந்தியது. மதுரையில் விசுவாசம் முந்தியது. 70 ஆண்டு இடைவெளியில், ஒரே தமிழ் மண்ணில், திருச்சபை இரண்டு வழியையும் கண்டுவிட்டது.

மறுபிறப்பு என்ற சொல்லே ஒரு சோதனை

மதுரையில் நொபிலிக்கு இன்னொரு தனிப்பட்ட இடையூறு இருந்தது. இதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் மறுபிறப்பு என்றால் கிறிஸ்தவனுக்கு ஞானஸ்நானம் நினைவுக்கு வரும். மதுரை வீதியில் நின்று மறுபிறப்பு என்று சொன்னால் கேட்பவர் மனதில் எழுவது வினைப்பயனால் மீண்டும் மீண்டும் எடுக்கும் பிறவிகள். தப்பிக்க வேண்டிய துன்பத்தையே நற்செய்தி என்று சொல்வதாக அவர்களுக்குத் தோன்றும்.

நிக்கொதேமு என்ற பரிசேயர் இரவில் ஆண்டவரிடம் வந்த நிகழ்ச்சி நமக்குத் தெரியும். மறுபடி பிறக்க வேண்டும் என்று கேட்டதும், முதியவன் தாயின் வயிற்றுக்குள் திரும்பப் புகுவது எப்படி என்று அவர் மலைத்தார். எருசலேமில் ஏற்பட்ட தவறான புரிதல் தாயின் வயிற்றைப் பற்றியது. மதுரையில் ஏற்படக்கூடிய தவறான புரிதல் வினையைப் பற்றியது. எனவேதான் நொபிலி புனர்ஜென்ம ஆட்சேபம் என்று ஒரு நூலையே எழுதிப் பிறவிச் சுழற்சிக் கொள்கையை மறுத்தார். நாம் சொல்லும் மறுபிறப்பு இன்னொரு உடலுக்குப் போவதன்று. இதே மனிதன், இதே வாழ்வில், இறைவனின் பிள்ளையாவது என்பதை விளங்கவைத்த பிறகே நீரைப் பற்றிப் பேச முடிந்தது. மிஷன் வழங்கிய ஞானஸ்நானம் என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். அது வெறும் குளியல் அன்று. ஞானத்தோடு கூடிய ஸ்நானம். முற்பாதி இல்லாமல் பிற்பாதி இல்லை என்று அச்சொல்லே நமக்குப் போதிக்கிறது.

1619-ஆம் ஆண்டின் இரு அவைகள்

நொபிலியின் வழியை எல்லாரும் ஏற்கவில்லை. பூணூலும் குடுமியும் சந்தனமும் தரித்தவாறே ஞானஸ்நானம் பெற்றவர்கள் உண்மையில் புதுப்பிறப்பு அடைந்தவர்களா என்று கேள்வி எழுந்தது. 1619-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவாவில் கூடிய அவையில் இது கடுமையாக விவாதிக்கப்பட்டது. இறுதியில் 1623-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார், அந்த வழக்கங்களை மூடநம்பிக்கை நீக்கிக் கைக்கொள்ள அனுமதி வழங்கினார். மறுபடி பிறப்பவன் எதைக் கழற்ற வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதே அங்கு எழுந்த கேள்வி.

வியப்பு என்னவெனில், கோவாவில் இவ்விவாதம் நடந்த அதே மாதங்களில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஆலந்து நாட்டின் தோர்த் நகரில் கால்வின் வழிவந்த சபையினர் மற்றோர் அவையில் அமர்ந்து, விசுவாசத்திற்கும் மறுபிறப்பிற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1618 நவம்பர் முதல் 1619 மே வரை அது நடந்தது. பாவத்தில் இறந்துகிடக்கும் மனிதன் தானாக விசுவசிக்க முடியாது. எனவே தூய ஆவியார் முதலில் அவனை மறுபடி பிறக்கச் செய்கிறார், அதன் பின்னரே அவன் விசுவசிக்கிறான் என்பது அந்த அவையினரின் முடிவு. அதை எதிர்த்தவர்களோ, இறைவன் எல்லாருக்கும் தரும் உதவியை மனிதன் விசுவாசத்தால் ஏற்கலாம், தள்ளவும் செய்யலாம். ஏற்பவனுக்கே புதுவாழ்வு என்றனர். பிரிந்த சகோதரரிடையே இவ்விரு கருத்துகளும் இன்றும் உள்ளன.

நம் திருச்சபையின் போதனை என்ன? கி.பி. 529-ல் பிரான்சு நாட்டு ஓராஞ்சு நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் தொடக்கமே, ஏன், விசுவசிக்க வேண்டும் என்ற ஆசையே கூட, இறையருளின் கொடை என்று அறிவித்தது. மனிதன் முதல் அடி வைக்கிறான், கடவுள் இரண்டாம் அடி வைக்கிறார் என்று யாரும் எண்ணலாகாது. திரிதெந்து பொதுச்சங்கம் 1547-ல், சவேரியார் இங்கு உழைத்துச் சென்ற சில ஆண்டுகளுக்குள், இதை மேலும் விளக்கியது. வயது வந்தவரின் காரியத்தில், முந்தி வரும் அருள் அவரைத் தொடுகிறது. அவர் அதற்கு இசைந்து விசுவசிக்கிறார், மனம் வருந்துகிறார், ஞானஸ்நானத்தை விரும்புகிறார். ஞானஸ்நானத்தின் வழியாகப் புதுப்பிறப்பு அடைகிறார். விசுவாசம் மனித மீட்பின் தொடக்கமும் அடித்தளமும் வேருமாகும். ஆக, அருள் முந்தியது, அடுத்து விசுவாசம், பின்னர் நீராலும் ஆவியாலும் மறுபிறப்பு, அதன்பின் வாழ்நாள் முழுதும் வளரும் விசுவாசம். இதுவே வரிசை.

நம் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்க நீண்ட பிரசங்கம் தேவையில்லை. மானாவாரி நிலத்தில் மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பான். கண்மாய்ப் பாசனத்தில் நீர் வந்தபின் சேற்றில் நாற்று நடுவான். விதை முந்தியதா, நீர் முந்தியதா என்பது நிலத்தைப் பொறுத்தது. ஆனால் இரண்டு நிலத்துக்கும் மழை வானத்திலிருந்துதான் வரவேண்டும். எந்த விவசாயியும் மழையை உண்டாக்கியதில்லை. மழை பெய்துவிட்டது என்பதற்காக எவனும் களையெடுக்காமல் இருந்ததுமில்லை.

ஓரியூர் தரும் பாடம்

இந்த வரிசையைத் தம் குருதியால் எழுதிக் காட்டியவர் புனித அருளானந்தர். மறவர் நாட்டின் இளவரசர்களுள் ஒருவரான தடியத்தேவர் கொடிய நோயுற்றிருந்தபோது அருளானந்தரை அழைத்தார். சுவாமியார் முதலில் தாமே செல்லாமல் உபதேசியார் ஒருவரை அனுப்பினார். அந்த உபதேசியார் நோயாளியின் அருகில் நின்று நற்செய்தி வாசகத்தை ஓதிச் செபித்தார். தடியத்தேவர் குணமடைந்தார். உடனே ஞானஸ்நானம் வேண்டுமென்று கேட்டார்.

இங்கே நின்று பாருங்கள். அரசகுடும்பத்தவர் ஒருவர் தாமே முன்வந்து ஞானஸ்நானம் கேட்கிறார். ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே மறவர் நாட்டில் வதைபட்ட மறைப்பணியாளர் அவர். இளவரசரின் ஆதரவு கிடைத்தால் எவ்வளவு நன்மை! நீரை உடனே வார்த்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணத் தோன்றாதா? அருளானந்தர் அப்படி எண்ணவில்லை. ஒரே மனைவியோடு வாழ வேண்டும், மற்றவர்களை விலக்க வேண்டும் என்றார். தடியத்தேவர் இசைந்தார். 1693-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, அவர் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியருள் சேதுபதி மன்னரின் உறவுப்பெண்ணும் ஒருவர். அவர் முறையிட்டதன் விளைவாக அருளானந்தர் கைதானார். ஒரு மாதம்கூட முழுமையாகக் கழியவில்லை. பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது.

விசுவாசமும் மனமாற்றமும் இல்லாத ஞானஸ்நானத்தைத் தர அவர் மறுத்தார் என்பதே அவர் சாவுக்குக் காரணம். நம் மண்ணில் ஞானஸ்நானத்தின் விலை அவ்வளவு உயர்ந்தது. ஓரியூரின் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் நாம் இதை மறக்கலாமா?

வேதியரும் தாய்மாரும்

1711-ல் மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவர், தேம்பாவணியைப் பாடிய கையோடு, 1727-ல் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலையும் எழுதினார். குருக்கள் எண்ணிக்கையில் சிலரே. ஒரு குரு ஒரு கிராமத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதே அரிதாயிருந்த காலம். உபதேசம் சொல்வதும், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துவதும், சாகும் தறுவாயில் உள்ள குழந்தைகளுக்கு அவசர ஞானஸ்நானம் தருவதும் வேதியரின் கடமையாயிருந்தது. எனவே அவர்கள் சொல்வதை முதலில் தாங்கள் வாழ வேண்டும் என்று முனிவர் அந்நூலில் வற்புறுத்தினார். 1706 முதல் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையினர் பணியாற்றி வந்ததால், விசுவாசம் பற்றிய வாதம் தமிழிலும் சூடுபிடித்தது. 1728-ல் முனிவர் எழுதிய வேத விளக்கம் அவ்வாதத்தில் பிறந்ததே. அன்று கடுஞ்சொற்களால் மோதிய இரு தரப்பினரும், 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில், மனிதன் தன் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் இறைவனால் ஏற்கப்படுகிறான் என்ற கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1773-ல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது மதுரை மிஷன் தாயற்ற பிள்ளை போலானது. சபையினர் மீண்டும் வந்தது 1838-ல். இடைப்பட்ட 60 ஆண்டுகளுக்கு மேல், எத்தனையோ ஊர்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? விளக்கேற்றி வைத்துப் பிள்ளைகளை அமரவைத்து மந்திரங்களையும் செபமாலையையும் சொல்லிக்கொடுத்த தாய்மாரும், கோயில் சாவியைக் கையில் வைத்திருந்த வேதியருமே. குழந்தைகள் பெற்ற நீர் வீணாகாமல் காத்தது அவர்களின் விசுவாசம்.

குழந்தையின் விசுவாசம் யாருடையது?

இனித் தொடக்கத்தில் நின்ற அன்பரின் கேள்விக்கு வருவோம். குழந்தைக்கு விசுவாசம் ஏது?

திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிவந்து, கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கினர். ஆண்டவர் அந்த நால்வரின் விசுவாசத்தைப் பார்த்து அவனுக்குப் பாவ மன்னிப்பு அளித்தார் என்று நற்செய்தி கூறுகிறது. குழந்தை ஞானஸ்நானமும் இத்தகையதே. குழந்தை தன் விசுவாசத்தோடு வருவதில்லை; தாய், தந்தை, ஞானத் தாய்தந்தையர், பங்கு முழுவதும் ஆகிய திருச்சபையின் விசுவாசத்தில் தூக்கிவரப்படுகிறது. வாசலிலேயே குரு, திருச்சபையிடம் என்ன கேட்கிறாய் என்று வினவ, விசுவாசம் என்று பழைய சடங்கு முறையில் பதில் சொல்லப்பட்டது. கேட்டது நீரை அல்ல, விசுவாசத்தை! அருள் முந்தி வருகிறது என்ற ஓராஞ்சு சங்கத்தின் போதனைக்குப் பேசத் தெரியாத குழந்தையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

ஆனால் இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கடன் இருக்கிறது. தூக்கிவந்த நால்வரும் பாதி வழியில் கட்டிலைப் போட்டுவிட்டுப் போனால்? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் பெரியவர்களுக்கான படிப்படியான ஞானஸ்நான ஆயத்த முறையை மீண்டும் நிறுவியது. அதற்கான சடங்கு நூல் 1972-ல் வெளிவந்தது. நொபிலி மதுரையில் கையாண்ட பொறுமையின் வழி அகில உலகத் திருச்சபையின் ஒழுங்காயிற்று என்று நாம் பெருமை கொள்ளலாம். குழந்தைகளைப் பொறுத்தவரை, 1980-ல் உரோமை வெளியிட்ட அறிவுரை, குழந்தை விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற உறுதியான நம்பிக்கை இருக்க வேண்டும், அது அறவே இல்லாவிடில் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கலாம் என்றது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் இதையே கூறுகிறது.

நம்மையே கேட்டுக்கொள்வோம்

வரலாறு நம்மைப் புகழ மட்டும் அன்று, திருத்தவும் வருகிறது. மறுபடி பிறந்தோம் என்று சொல்லிக்கொண்ட நாம், முதற்பிறப்பின் வேற்றுமைகளைக் கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தோம். 1623-ஆம் ஆண்டு அனுமதி தந்த அதே திருமடலில், உயர்குடியினர் எளியோரை இகழக் கூடாது என்று பாப்பரசர் கெஞ்சிக் கேட்டிருந்தார். அந்த வேண்டுகோளை நாம் எவ்வளவு எளிதில் மறந்தோம்! ஒரே தண்ணீரில் பிறந்தவர் ஒரே குடும்பம் அல்லவா? சாதியால் பிரிந்து நிற்கும் பங்கில் நீர் முந்தி வந்துவிட்டது. விசுவாசம் இன்னும் வந்து சேரவில்லை என்றே சொல்ல வேண்டும். வீதியில் நம்மைக் கேள்வி கேட்கும் அன்பருக்கு வேத வசனத்தால் பதில் சொல்வது எளிது. இந்தக் கேள்விக்கு வாழ்க்கையால்தான் பதில் சொல்ல முடியும்.

ஆகவே, யாரேனும் இனி நீங்கள் மறுபடி பிறந்தவரா என்று கேட்டால், கோபப்பட வேண்டாம், குழம்பவும் வேண்டாம். ஆம், பிறந்தவன்தான்; ஒருமுறை பிறந்துவிட்டேன், அது போதும்; ஆனால் பிறந்த குழந்தை வளர வேண்டுமே, அதற்காக இன்றும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன் என்று பணிவோடு சொல்லுங்கள்.

இந்த ஜூபிலி ஆண்டில் நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் தங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். தேதியும், பெற்றோர் பெயரும், ஞானத் தாய்தந்தையர் பெயரும், குருவின் கையொப்பமும் அதில் இருக்கும். நீர் விழுந்த நாள் அது. விசுவாசம் விழுந்த நாளுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அதை நம் வீட்டு இரவுச் செபத்திலும், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும், நோயுற்ற அயலாரின் கட்டிலருகிலும், நாள்தோறும் நாமே எழுத வேண்டும். பாஸ்கா இரவில் மெழுகுதிரி ஏந்தி நம் ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, கடற்கரையில் மணியடித்துச் சென்ற சவேரியாரையும், மதுரையில் 20 நாள் பொறுமையோடு பேசிய தத்துவ போதகரையும், ஓரியூரில் தலை கொடுத்த அருளானந்தரையும், பெயர் தெரியாத நம் வேதியரையும் நம் தாய்மாரையும் நன்றியோடு நினைத்துக்கொள்வோம்.

நம்மைத் தூக்கிவந்தவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளைத் தூக்கிச் செல்ல வேண்டியவர்கள் நாம்.